வேலி நீக்கலும் விண்கலத்தின் அலையும்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எங்கள் வகுப்பின் சார்பில் பேசும்படி பணிக்கப்பட்டிருப்பதால் இந்த உரை முழுவதும் ‘நாங்கள்’ என்றே பேசுகிறோம். வைத்தியர் ஒருவர் பேசுகிறார் என்றதும் நீரிழிவு, இரத்த அழுத்தம், முழங்கால் நோவு என்று எதிர்பார்த்திருப்பீர்கள். அவற்றை மதிய உணவுக்குப் பிறகு, பாயாசத்தை ஒளித்து வைத்துவிட்டுப் பேசலாம். இன்று எடுத்துக்கொண்டிருப்பது பௌதிகவியல். எங்கள் வகுப்பு கற்றவற்றில், சோதனைக்கு ஒருபோதும் வராத, ஆனால் கடைசிவரை உதவிய ஒரு பாடம்.

1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்தை விட்டு நடந்தபோது நாங்கள் உயர்தர வகுப்பு மாணவிகள். சைக்கிள் கரியரில் அரிசிப் பை, அதன்மேல் கொப்பிகள், அதன்மேல் மழை. தென்மராட்சியில் ஒரு வீட்டு முற்றத்தில், மாமரத்தின் கீழ், எங்கள் பௌதிகவியல் ஆசிரியை வகுப்பைத் தொடங்கினார். ஆய்வுகூடம் இல்லை. மின்சாரம் பல வருடங்களாகவே இல்லை. ஜாம் போத்தல் விளக்கில் படித்து, சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோச் செய்தி கேட்ட பிள்ளைகள் நாங்கள்.

அன்றைய பாடம் முனைவாக்கம். ரீச்சர் கிணற்றடியில் இருந்து ஒரு பழைய கயிற்றை எடுத்து, பனைமட்டை வேலியின் ஒரு நீக்கலூடாக விட்டார். எங்களில் ஒருத்தி வேலிக்கு அந்தப் பக்கம் போய்க் கயிற்றை மேலும் கீழுமாக ஆட்டினாள். அலை நீக்கலூடாக வந்து எங்கள் கைக்கு எட்டியது. பிறகு இடம் வலமாக ஆட்டினாள். அலை மட்டையில் முட்டி நின்றுவிட்டது. ‘அலை எந்தத் திசையில் அதிருதோ அதுதான் அதின்ரை முனைவாக்கம். நீக்கல் நிமிர்ந்து நிக்குது. அதோடை ஒத்துப்போற அலையைத்தான் விடும்’ என்றார். வீட்டுக் கூரையில் ரீவி அன்ரனாவின் குழாய்கள் கிடையாக நின்றது ஏன், காற்றுக்கு அது சரிந்ததும் படம் மங்கியது ஏன் என்று அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது.

அதோடு பாடம் முடிந்திருக்கலாம். ஆனால் ரீச்சர் இன்னும் ஒன்று சொன்னார். விண்கலம் ஒன்று நிமிர்ந்த அலையாக அனுப்பும் சமிக்ஞை, பூமிக்கு வரும்போது சரிந்து நிற்கலாம். வழியில் இலத்திரன்களும் காந்தப்புலமும் சேர்ந்து அதன் அதிர்வுத் தளத்தைத் திருப்பிவிடும். உடனே எங்களில் ஒருத்தி கேட்டாள்: ‘அப்ப அது பழுதாப்போன சிக்னல்தானே ரீச்சர்?’

‘பழுதில்லைப் பிள்ளை. அது வந்த வழியைச் சொல்லுது. ஆனா வெளிக்கிடேக்கை எப்பிடி நிண்டது எண்டு உமக்குத் தெரிஞ்சிருக்க வேணும்.’

அந்தச் சொல்லின் பின்னால் இருந்த விஞ்ஞானத்தை நாங்கள் பிறகுதான் தேடிப் படித்தோம்.

இந்தத் திருப்பத்தை முதலில் கண்டவர் மைக்கேல் பரடே. புத்தகம் கட்டும் கடையில் தொழில் பழகிய, முறையான பள்ளிப் படிப்பு அதிகம் இல்லாத மனிதர். 1845இல் ஒரு பாரமான கண்ணாடித் துண்டைக் காந்தத்தின் அருகே வைத்து, அதனூடாக முனைவாக்கிய ஒளியைச் செலுத்தினார். காந்தம் வேலை செய்தபோது ஒளியின் அதிர்வுத் தளம் திரும்பியது. ஒளியைத் திருப்ப வேறு பொருட்களும் உண்டு. வைத்தியசாலையில் நாங்கள் தினமும் ஏற்றும் டெக்ஸ்ட்ரோஸ் போத்தலுக்கு அந்தப் பெயர் வந்ததே, அந்தச் சீனி ஒளியின் தளத்தை வலப்பக்கம் திருப்புவதால்தான்.

இரண்டுக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. சீனிக் கரைசலூடாகப் போன ஒளியை அதே வழியால் திருப்பி அனுப்பினால், போகும்போது திரும்பியது வரும்போது நேராகிவிடும். பரடேயின் திருப்பம் அப்படியல்ல. போன வழியே திரும்பி வந்தால் அது இரட்டிப்பாகும். 1950களில் இங்கிலாந்தின் ஜோட்றல் பாங்க் நிலையத்தில் சந்திரனுக்கு றேடியோ அலை அனுப்பி அதன் எதிரொலியைக் கேட்டவர்களுக்கு இது அனுபவமானது. எதிரொலி மெல்ல மங்கும், மெல்லத் தெளியும். சந்திரனிலும் கருவியிலும் பிழை இல்லை. அலை நமது அயன மண்டலத்தைப் போகும்போது ஒருதரம், வரும்போது ஒருதரம் கடந்து, இரண்டு தரமும் ஒரே பக்கமாகத் திரும்பி, அன்ரனாவோடு ஒத்துப்போகாமல் வந்து சேர்ந்தது. அந்த மங்கலைக் கொண்டே அயன மண்டலத்தில் எவ்வளவு இலத்திரன்கள் இருக்கின்றன என்று அளக்கத் தொடங்கினார்கள்.

இனி எங்கள் பக்கத்துக்கு வருவோம். 1974 மே 30இல் ஏவப்பட்ட ஏ.டி.எஸ்.-6 என்ற நாசாவின் செய்மதி, 1975இல் இந்தியாவுக்குத் தெரியும்படி கிழக்கு நெடுங்கோடு 35 பாகைக்கு நகர்த்தப்பட்டது. இந்தியாவின் ஏறத்தாழ 2400 கிராமங்களுக்கு நேரடியாகக் கல்வித் தொலைக்காட்சி அனுப்பியது அதுதான். கொழும்பில் ஆர்தர் சி. கிளார்க் வீட்டிலும் இந்தியப் பொறியியலாளர்கள் ஒரு வாங்கியை அமைத்துக் கொடுத்தார்கள். பலருக்கும் இந்தக் கதை தெரியும். அதே செய்மதியில் 40, 140, 360 மெகாஹேர்ட்ஸ் மீடிறன்களில் சமிக்ஞை அனுப்பும் ஒரு கருவியும் இருந்தது என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. மீடிறன் என்று நாங்கள் படித்ததைத் தமிழ்நாட்டில் அதிர்வெண் என்பார்கள். அந்தச் சமிக்ஞைகளை 1975-76 காலத்தில் உதகமண்டலத்தில் வாங்கி, அவற்றின் தளம் எவ்வளவு திரும்பியது, அவை எவ்வளவு தாமதித்தன என்று அகமதாபாத் இயற்பியல் ஆய்வுக்கூட விஞ்ஞானிகளும் அமெரிக்க விஞ்ஞானிகளும் சேர்ந்து அளந்தார்கள்.

திருப்பத்தை மட்டும் அளந்தால் போதாதா, தாமதம் எதற்கு? இங்கேதான் எங்கள் ஊரின் புவியியல் வருகிறது. பூமியின் காந்த நடுக்கோடு தென்னிந்தியாவின் தென்முனையையும் எங்கள் தீவையும் ஒட்டிச் செல்கிறது. 1963இல் தும்பாவில் ரொக்கெட் ஏவுதளம் அமைத்ததும் அதனால்தான். யாழ்ப்பாணத்தில் ஒரு காந்த ஊசியைச் சுயாதீனமாகத் தொங்கவிட்டால் அது ஏறக்குறையக் கிடையாக, வடக்கு நோக்கி நிற்கும். அலை வரும் திசையோடு சேர்ந்து போகும் காந்தப்புலம்தான் தளத்தைத் திருப்பும். குறுக்காக நிற்கும் புலம் திருப்பாது. மேற்கு வானில் நிற்கும் செய்மதியிலிருந்து வரும் அலைக்கு, வடக்கு நோக்கிய புலம் ஏறக்குறையக் குறுக்காக நிற்கிறது. ஆகவே மேலே இலத்திரன்கள் நிறைந்திருந்தாலும் திருப்பம் சிறிதாகவே தெரியும். திருப்பத்தை மட்டும் பார்ப்பவர், வழியில் பெரிதாக ஒன்றுமில்லை என்று எழுதிவிடுவார்.

ஆனால் புலம் எந்தத் திசையில் நின்றாலும், இலத்திரன்களூடாக வரும் சமிக்ஞை சற்றுத் தாமதிக்கும். அந்தத் தாமதம் முழுக் கணக்கையும் சொல்லும். திருப்பத்தையும் தாமதத்தையும் ஒப்பிட்டபோது, காந்தப்புலம் வலுவிழந்த மிக உயரத்தில் பரவிக் கிடக்கும் இலத்திரன்களையும் தனியே மதிப்பிட முடிந்தது.

இதைப் படித்தபோது எங்களுக்கு ஓர் அம்மாவின் நினைவு வந்தது. சில வருடங்களுக்கு முன் ஓயாத தலையிடி என்று வந்தவர். அமைதியான முகம். பரிசோதனைகள் எல்லாம் சரியாக இருந்தன. ‘வீட்டிலை ஏதும் பிரச்சினையோ அம்மா?’ ‘ஒண்டுமில்லை டொக்டர்.’ ‘நித்திரை?’ ‘வரும்.’ உடனுக்குடன் பதில். ‘பிள்ளையள் எத்தினை பேர்?’ என்று கேட்டோம். இதற்குப் பதில் வரவில்லை. வெளியே அடுத்த இலக்கத்தைக் கூப்பிட்டார்கள். மின்விசிறி சுற்றியது. பிறகு, ‘மூண்டு’ என்றார். அந்த மூவரில் ஒருவர் 2009இன் பின் வீடு திரும்பவில்லை. முகத்திலும் பரிசோதனைத் தாளிலும் தெரியாதது, பதில் வரப் பிந்திய அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் தெரிந்தது. நாங்கள் அவசரப்பட்டு அடுத்த கேள்விக்குப் போயிருந்தால் பனடோல் எழுதி அனுப்பியிருப்போம்.

இனிச் சற்றுத் தொலைவுக்குப் போவோம். 1965 டிசம்பரில் ஏவப்பட்ட பயனியர் 6 என்ற விண்கலம், 1968 நவம்பரில் பூமியிலிருந்து பார்க்கும்போது சூரியனுக்குப் பின்னே மறைந்தது. 25 கோடி கிலோமீற்றருக்கு அப்பாலிருந்து சுமார் 8 வாற்று வலுவில் அது பேசியது. நாங்கள் றேடியோ கேட்கச் சுற்றிய சைக்கிள் டைனமோவின் வலுவோடு ஒப்பிடக்கூடிய அளவு. கலிபோர்னியாவின் கோல்ட்ஸ்டோனில் இருந்த 64 மீற்றர் அன்ரனா அந்தக் குரலைக் கேட்டது. சூரியனைச் சுற்றியுள்ள கொரோனா என்ற வெப்ப வாயுவை ஊடறுத்து வந்த 2292 மெகாஹேர்ட்ஸ் அலையின் தளம், சூரியனை நெருங்க நெருங்கத் திரும்பியது. அதற்குமேல் மூன்று தடவைகள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ இரண்டு மணி நேரம், சுமார் 40 பாகை அளவுக்குத் தளம் ஆடி அடங்கியது.

எது கடந்து போனது? சூரியன் வீசிய வாயுத் திரளா, கொரோனாவின் நிலையான ஒரு கதிர்க்கற்றை குறுக்கே வந்ததா? இந்த விவாதம் பல வருடங்கள் நீடித்தது. அன்று அந்த இடத்தை ஒரே நேரத்தில் படமெடுக்க வேறு கண் இருக்கவில்லை. 1979இல் நிலைமை வேறு. ஜேர்மனியும் அமெரிக்காவும் சேர்ந்து அனுப்பிய ஹீலியோஸ் விண்கலத்தின் அலை திரும்பிய அதே வேளை, பூமியைச் சுற்றிய இன்னொரு கலத்தின் கருவி சூரியனின் சுற்றுப்புறத்தைப் படமெடுத்துக்கொண்டிருந்தது. வாயுத் திரள் அலையின் பாதையைக் கடப்பது படத்தில் தெரிந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்த பிறகே அந்தத் திருப்பத்துக்குக் காரணம் சொல்ல முடிந்தது.

இதனால் எங்களுக்கு என்ன பயன் என்று பின்வரிசைப் பிள்ளைகள் கேட்கலாம். சூரியன் வீசும் திரளின் காந்தப்புலம் எந்தப் பக்கம் நோக்கி இருக்கிறது என்பதைப் பொறுத்தே அது பூமியை எவ்வளவு உலுப்பும் என்பது அமையும். 1989 மார்ச் 13இல் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் அறுபது இலட்சம் பேருக்கு மணிக்கணக்கில் மின்சாரம் நின்றது அப்படியான ஒரு புயலால். மொன்றியலில் இருக்கும் எங்கள் அக்காமாரில் அந்த இரவை நினைவு வைத்திருப்பவர்கள் இருக்கலாம். திரள் வரும் வழியிலேயே அதன் புலத்தை அறிய, அதை ஊடறுத்து வரும் அலையின் திருப்பம் ஒரு வழி. இந்தியாவின் மங்கள்யான் 2015இல் சூரியனுக்குப் பின்னே சென்றபோதும் விஞ்ஞானிகள் அதன் சமிக்ஞையை வைத்துக் கொரோனாவை ஆராய்ந்தார்கள். அங்கே அளந்தது தளத்தின் திருப்பத்தை அல்ல, மீடிறனில் ஏற்பட்ட சிறு தடுமாற்றங்களை.

இன்னும் ஒரு சிக்கல் உண்டு. கயிற்றை மேலும் கீழுமாக ஆட்டினால் அதைத் தலைகீழாகப் பிடித்தாலும் அதே அலைதான். ஆகவே அலை 20 பாகை திரும்பி வந்ததா, 200 பாகை திரும்பி வந்ததா, 380 பாகை திரும்பி வந்ததா என்று ஒரு மீடிறனை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. மூன்றும் ஒரே சரிவாகத்தான் தெரியும். இதற்கு ஒரு வழி உண்டு. மீடிறனை இரண்டு மடங்காக்கினால் திருப்பம் நாலில் ஒன்றாகும். அதே மூன்றும் இப்போது 5, 50, 95 பாகை. பதில் பிரிந்துவிடும். அதாவது, ஒரே கேள்வியை இன்னொரு விதமாகவும் கேட்க வேண்டும்.

இவ்வளவையும் ஏன் இங்கே கொண்டு வந்தோம் என்று இப்போது சொல்கிறோம். இந்த விழாவுக்கான ஆயத்தத்தின்போது எங்கள் வகுப்பின் வாட்சப் குழுவில் ஒரு சண்டை வந்தது. இருபத்தைந்து வருடங்களுக்குப் பிறகு ஊர் வந்த ஒருத்தி, ‘நீங்கள் எல்லாரும் மாறிப்போனியள்’ என்று எழுதினாள். இங்கேயே இருந்த ஒருத்தி, ‘நாங்கள் மாறேல்லை, நீதான் மாறி வந்திருக்கிறாய்’ என்று பதில் போட்டாள். தென்மராட்சி முற்றத்தில் ஒரே கயிற்றின் இரண்டு முனைகளையும் பிடித்து நின்ற இருவர் அவர்கள்தான். குழு மூன்று வாரம் ஊமையாக இருந்தது. மலருக்கு வகுப்புப் படம் அனுப்பும் கடைசித் திகதியும் தவறியது.

நாங்கள் இருவரோடும் தனித்தனியே பேசினோம். போனவள் சொன்னாள்: ‘திரும்பி வந்தால் பழையபடி வந்திடும் எண்டு நினைச்சன்.’ சீனிக் கரைசல் என்று நினைத்திருக்கிறாள். போன வழியே வந்தாலும் அது கழிபடாது, கூடும் என்பது அவளுக்கு விமான நிலையத்தில் இறங்கிய பிறகுதான் தெரிந்திருக்கிறது. இருந்தவள் சொன்னாள்: ‘நான் எங்கையும் போகேல்லை. எனக்கு என்ன நடந்தது எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை.’ முகத்தில் திருப்பம் தெரியாததால் எல்லோரும், நாங்களும் உட்பட, இவளுக்கு ஒன்றும் இல்லை என்று எழுதிவிட்டோம். அவள் வீட்டுக்கு ஐந்து நிமிட தூரத்தில் இருந்துகொண்டு.

இருவரையும் எங்களால் சமாதானப்படுத்த முடிந்தது என்று சொல்ல மாட்டோம். ஒரு சரிவைக் கண்டதும் தீர்ப்பு எழுத வேண்டாம், இன்னொரு விதமாக ஒருக்கால் கேளுங்கோ என்று மட்டும் கேட்டுக்கொண்டோம். இருவரும் இந்த மண்டபத்தில்தான் இருக்கிறார்கள். எந்த வரிசை என்று சொல்ல மாட்டோம். ஒரே வரிசையில் இல்லை என்பதை மட்டும் சொல்லலாம். மதிய உணவு இன்னும் முடியவில்லை.

இந்த விஞ்ஞானம் முழுவதும் நிற்பது ரீச்சர் சொன்ன அந்த ஒன்றில்தான். அலை புறப்படும்போது எப்படி நின்றது என்று தெரிந்திருக்க வேண்டும். அது தெரியாவிட்டால் வந்து சேர்ந்த சரிவுக்குப் பொருளே இல்லை. நாங்கள் புறப்படும்போது எப்படி நின்றோம் என்று தெரிந்த இடம் இந்தக் கல்லூரி. யார் கணக்கில் கெட்டிக்காரி, யார் இரட்டைப் பின்னலோடு மதிலேறினாள், யார் மேடையில் வாய் திறக்கப் பயந்தாள் என்று எங்களை அறிந்தவர்கள் இந்த மண்டபத்தில்தான் இருக்கிறோம். வெளியே எங்களைச் சந்திப்பவர்களுக்குத் தெரிவது வந்து சேர்ந்த சரிவு மட்டும். எவ்வளவு வழி கடந்து வந்தோம் என்று ஒருவருக்கொருவர் கணக்குப் பார்க்கக்கூடியவர்கள் இங்கே இருப்பவர்கள்தான். அந்தக் கணக்கைக் குற்றப்பத்திரமாக வாசிக்காமல் இருப்போம்.

எங்கள் வகுப்பின் நூற்றாண்டு அன்பளிப்பாக, முனைவாக்கப் பரிசோதனைகளுக்கான கருவிகளைக் கல்லூரியின் பௌதிகவியல் ஆய்வுகூடத்துக்கு வழங்குகிறோம். அதோடு ஒரு கிணற்றுக் கயிறும் உண்டு. கருவி பழுதானாலும் பிள்ளைகளே, வேலி இருக்கும். ஒருத்தி அந்தப் பக்கம் போய் நின்று ஆட்டுங்கோ.

ரீச்சர் இப்போது எங்களோடு இல்லை. இந்த உரையை அவருக்கு ஒப்புவிக்கிறோம்.